பதினேழாவது ஸ்கேனில் நின்ற ஆள்

1

இந்தக் கதை, நான் ஒரு பெட்டியின் மேல் உட்காரப் போனதில் தொடங்கியது. கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் மற்றவர்கள் மழை, தனிமை, சிறுவயதுக் காயம் என்று கௌரவமாக எதையாவது சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தது ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போகும் பாசஞ்சர் ரயிலும் ஒரு கறுப்புப் பெட்டியும்தான்.

ராமேஸ்வரத்தில் ஏறி ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தேன். மண்டபம் தாண்டிக் கை கழுவப் போய்த் திரும்பினால் என் இடத்தில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். காலடியில் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று மடக்கிக் கிடந்தது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் என்று முடிவு கட்டினேன். கேட்பதற்குக் கூச்சமாக இருந்ததால், பெட்டியின் ஓரமாகப் பாதி உட்காரலாம் என்று வேட்டியை ஒதுக்கினேன்.

“அண்ணே, அதுமேல உக்காந்தா என்னய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. நீங்க இங்கன உக்காருங்க, நா எந்திரிக்கிறேன்” என்றார் அந்தப் பெண்.

அவர் பெயர் கோகிலா என்று வைத்துக்கொள்வோம். ஊர் பரமக்குடிக்குப் பக்கம், அதை மாற்றவில்லை. வீட்டில் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரிக் குடும்பம், அதையும் மாற்றவில்லை. (முதலில் அவரை ‘அவள்’ என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “நீங்க என்ன எங்க அய்யாவா?” என்று கேட்டார். அவர் ஊரில் அய்யா என்றால் அப்பா. அன்றிலிருந்து ‘அவர்’.)

2

பெட்டிக்குள் இருந்தது லேசர் ஸ்கேனர். ஒரு சின்ன பிரஷர் குக்கர் அளவுதான் இருக்கும். அதை ஸ்டாண்டில் மாட்டி ஓர் அறையில் நிறுத்திவிட்டால், தலையைச் சுழற்றிக்கொண்டே எல்லாத் திசைக்கும் ஒளியை அனுப்பும். ஒளி சுவரிலோ குழாயிலோ பட்டுத் திரும்பும். அந்த இடத்துக்கு ஒரு புள்ளி வைக்கும். மூன்று நிமிடத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள். கணினியில் திறந்தால் அந்த அறையே சாம்பல் நிறத்தில் எழுந்து நிற்கும். மில்லிமீட்டர் சுத்தமாக அளந்துகொள்ளலாம்.

“இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?” என்றேன்.

“கப்பல்காரங்கண்ணே. கப்பல் கட்டுனப்பப் போட்ட வரைபடம் ஒண்ணு இருக்கும். முப்பது வருசத்துல பத்து இஞ்சினியர் வந்து ஆளுக்கு ஒரு குழாய மாத்திருப்பாங்க. படத்துல ஒண்ணு இருக்கும், கப்பல்ல ஒண்ணு இருக்கும். புதுசா ஒரு மோட்டார் வைக்கணும்னா உள்ளபடிக்கு என்ன இருக்குன்னு தெரியணும்ல? அதுக்கு நாங்க போவோம். கப்பல் இல்லாத நாள்ல ஃபேக்டரி.”

மிதக்கிற கப்பல் ஆடுமே, அளவு தப்பாதா என்று கேட்டேன். அறிவாளித்தனமாக ஒன்று கேட்டுவிட்ட திருப்தி எனக்கு.*

* கப்பலோடு சேர்ந்து ஸ்கேனரும் ஆடுவதால் தப்பாதாம். ஆனால் ஸ்கேனருக்குள், தான் எங்கே சாய்ந்தாலும் தன்னை நேர்ப்படுத்திக்கொள்ளும் ஒரு பாகம் உண்டு. கப்பலில் ஏறியதும் அதை அணைத்துவிட வேண்டும். கோகிலா தன் முதல் கப்பலில் அணைக்க மறந்தார். ஆட்டத்தையெல்லாம் இயந்திரம் அக்கறையாகத் திருத்தியதில், இஞ்சின் அறை முழுக்கக் கோணிக்கொண்டு வந்தது. திருத்தக் கூடாத இடத்தில் திருத்துவது என்னுடைய தொழில் வியாதியும்கூட என்பதால் இந்த அடிக்குறிப்பு.

ஸ்கேனருக்கு எதிரே இருப்பது மட்டும்தான் தெரியும். தூணுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கத் தூணுக்குப் பின்னால் போய் இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்படி இடம் மாற்றி மாற்றி எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டவைப்பது வேலை. அன்று அவர் முடித்துவிட்டு வந்தது, மண்டபத்துப் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனி. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் போகாததால் ஐஸுக்குத் தேவை குறைவு. அந்த நேரம் பார்த்துப் புது இயந்திரம் வைக்கத் திட்டம். மொத்தம் பதினேழு ஸ்கேன்.

“இதுல பெரிய தொல்லை மனுசங்கதாண்ணே. ஸ்கேன் ஓடுறப்ப எவனாச்சும் குறுக்க நடந்தா, இழுத்து விட்ட மாவு மாதிரி கோடு கோடா விழுவான். அதையெல்லாம் உக்காந்து அழிக்கணும். ஆபீஸ்ல அதுக்குப் பேரு நாய்ஸ், வேண்டாத இரைச்சல்னு.”

“அசையாமல் நின்றால்?”

“முழுசா விழுவாங்க. இன்னிக்குக் கடைசி ஸ்கேன்ல ஒருத்தர் அப்படித்தான். எல்லாரையும் வெளிய போகச் சொன்னேன். இவரு மட்டும், மெசின் ஓடுறப்ப ரூமை விட்டுப் போகக் கூடாது தாயின்னு நின்னுக்கிட்டாரு. அப்பன்னா அசையாம நில்லுங்கன்னேன். கல்யாண போட்டோவுக்கு நிக்கிற மாதிரி தூணைப் பிடிச்சுக்கிட்டு மூணு நிமிசம் நின்னாரு. பாவம், அழிச்சிருவேன்னு தெரியாது அவருக்கு.”

“அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?”

“சுத்தி ஒரு கோடு இழுத்து, ஒரு பட்டன்.”

அந்த இடத்தில் நான் சிரித்தேன். இதை இப்போதே எழுதிவைத்துவிடுகிறேன். பின்னால் மறைக்கத் தோன்றும்.

3

தொடக்கம் ஒன்று: ‘மண்டபத்துக் கடல் அன்று ஒரு’

இதற்கு மேல் ஓடவில்லை. இருபது வருடமாக ராமநாதபுரத்தில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஆடி அமாவாசை தவிர வேறெந்த நாளும் கடலில் கால் நனைத்தவனில்லை. கடல் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

தொடக்கம் இரண்டு: ‘ஒளி பொய் சொல்லாது.’

என் மனைவி மகேஸ்வரி இதைப் படித்துவிட்டு, “மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரமா?” என்று கேட்டாள். நான் எழுதுவதை முதலில் படிக்கிறவள் அவள்தான். பெரும்பாலும் கடைசியாகப் படிக்கிறவளும்.

மூன்றாவது தொடக்கத்தில் பெட்டியை வைத்தேன். கதை வேகம் பிடித்தது. ரயில், பெட்டி, கோணிப்போன கப்பல் என்று நகைச்சுவையாக ஓடியது. ஐஸ் கம்பெனியில் போட்டோவுக்கு நின்ற ஆளுக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தேன். மகேஸ்வரி அதில் விரல் வைத்தாள்.

“இந்த ஆளு எதுக்கு? வாராரு, நிக்கிறாரு, போறாரு. கதைக்கு ஒண்ணும் செய்யல. இவரை எடுத்துட்டா அந்தப் பிள்ளை சட்டுன்னு கப்பல்ல ஏறிரும்.”

சரியான யோசனை. அந்தப் பத்தியைச் சுற்றி ஒரு கோடு இழுத்தேன். ஒரு பட்டனை அழுத்தினேன்.

4

நாலாவது பகுதி இருந்தது, இப்போது இல்லை. அதில் கோகிலாவுக்கு ஒரு காதலன் வைத்திருந்தேன். கடற்படை அதிகாரி, நல்ல உயரம். தொழில் வார்த்தைகள் சரியா என்று பார்க்கச் சொல்லி, ரயிலில் வாங்கிவைத்த எண்ணுக்கு வாட்ஸப்பில் அனுப்பியதற்கு கோகிலா பதில் போட்டார்: ‘அண்ணே எனக்கு கல்யாணமாகி யுகேஜி படிக்கிற பொண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரர் உயரம் கம்மி.’

5

ஊரை நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த ஐஸ் கம்பெனியைப் பார்க்கப் போனேன். தடைக்காலம் முடிகிற வாரம். படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடித்து, வலையும் டீசலும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் லாரிகள் நின்றன. பார் என்று சொல்கிற நீளக் கட்டிகளாக ஐஸைச் சறுக்கிவிட்டு, அரைவை இயந்திரத்தில் போட்டு, பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பரபரப்புக்கு எதிரே கனி பாயின் டீக்கடை. அதில் ஓர் ஆள் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. கழுத்தில் துண்டு. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்ததும் பக்கத்தில் வந்தார்.

“சார், நீங்க பேப்பர்காரரா?”

“இல்லைங்க. கதை எழுதுகிறவன்.”

“கதையா” என்றார். முகத்தில் இருந்த ஆசை போய்விட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கேட்க ஒரு காது கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறார்.

பெயர் செல்லச்சாமி. சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மழை பொய்த்த ஒரு வருடம் கூலி வேலை இல்லாமல் இங்கே வந்தவர், பதினெட்டு வருடமாக எதிரே இருக்கும் அதே ஐஸ் கம்பெனியில் இயந்திர அறை பார்க்கிறார். பார்த்தார். ஒரு மாதமாக வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

நடந்தது இது. ஐஸ் உறைவதற்கு அமோனியா வாயு வேண்டும். அது ஓடுகிற தொட்டியின் அடியில் சேரும் எண்ணெயை அவ்வப்போது வடிக்க வேண்டும். அதற்கான வால்வு கட்டடத்தின் பின்பக்கம். திறந்தவர், வடிந்து முடிந்து அடைக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பது விதி. போன மாதம் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு யாரோ அதைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். எண்ணெய் தீர்ந்து வாயு வந்தது. பின்பக்கத் தெருவே ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடியது. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

“மூணு மணிக்கு வால்வத் தொறந்தது செல்லச்சாமின்னு நோட்டுல எழுதிருக்கு சார். எழுதுனது சூப்பர்வைசரு பிரபாகரன். நா அதுக்குக் கால் மணி முந்தியிருந்தே மெசின் ரூம்லதேன் நின்னேன். ஒரு புள்ள மெசினு வச்சுப் படம் எடுத்துச்சு. அது சொல்லித்தேன் நின்னேன்.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

“அதைச் சொல்லவில்லையா நீங்கள்?”

“சொல்லாம? அந்தப் படத்தையே போட்டுக் காட்டுனாக சார். பெரிய டிவியில, மொதலாளி, மேனேசரு, யூனியன்காரரு எல்லாரையும் வச்சு. மூலையில மூணு மணி ரெண்டு நிமிசம்னு எழுதிருக்கு. மெசினு இருக்கு, மோட்டாரு இருக்கு, நா துடைச்சுப் போட்ட துணிகூடக் கெடக்கு. நா மட்டும் இல்ல.”

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார், நின்னமா இல்லையான்னு. அந்தப் புள்ளையக் கேளுங்கன்னேன். படத்துலயே இல்ல, புள்ளைய எதுக்குக் கேக்கணும்னுட்டாக. நாளைக்கு இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழம கடைசி விசாரணை.”

“அப்படியென்றால் வால்வைத் திறந்தது யார்?”

“நா பாக்கல சார். பாக்காத ஒண்ண எப்பிடிச் சொல்றது?”

பிறகு அவராகவே சொன்னார். “வேலை போறதுகூட ஒரு பக்கம். அந்த ரெண்டு பொம்பளைகள்ல ஒருத்திக்கு இன்னும் கண்ணு தெளியல. நாந்தேன் செஞ்சேன்னு அந்தத் தெருவே நெனைக்கிது. குழாயடியில என் வீட்டுக்காரிகூட ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாக.”

நான் சிரித்த ஆள் இவர். கதைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் எடுத்துவிட்ட ஆளும் இவர்தான். அவரிடம் இதையெல்லாம் சொல்லத் தைரியம் வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் வெட்கமாக இருந்தது.

(மேலே உள்ள செல்லச்சாமியின் பத்தியை 2-ஆம் பகுதியில் திரும்பச் சேர்த்தது அன்று மாலை. மகேஸ்வரி இந்தமுறை அதில் விரல் வைக்கவில்லை.)

6

நான் போன் செய்தபோது கோகிலா தூத்துக்குடியில் ஓர் இழுவைக் கப்பலுக்குள் இருந்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“நாங்க கிளம்புறப்ப ஒரு நெடி வந்துச்சுண்ணே” என்றார் கடைசியில். “ஐஸ் கம்பெனின்னா அப்படித்தான் இருக்கும்னு ஆட்டோவுல ஏறிட்டேன்.”

“அந்த ஆளை அழித்தது அழித்ததுதானா?”

“அழிச்சது நாங்க குடுத்த கோப்புல. எடுத்தது எடுத்தபடி என் லேப்டாப்புல இருக்கு. ஒப்படைச்சு முப்பது நாள்ல அதையும் அழிச்சிரணும்னு ஒப்பந்தம். இன்னும் ஒன்பது நாள் இருக்கு.”

அப்படியானால் எளிது என்று நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு எல்லாம் எளிதுதான். கோகிலா தன் மேலதிகாரி யோகேஸ்வரனிடம் பேசினார். சென்னையில் இருக்கிறார், கெட்டவர் இல்லை, கோகிலாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அவர் சொன்னதை கோகிலா எனக்கு அப்படியே சொன்னார்: “நம்ம வேலையில தப்பு இல்ல கோகிலா. ஆளை எடுத்துட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க, எடுத்துட்டுக் குடுத்தோம். கோப்பு அவங்க சொத்து. அவங்க கேட்காம வெளிய ஒரு புள்ளி போனாலும் நான் உன்னய வச்சிருக்க முடியாது. அவங்ககிட்ட நீயாப் போய்ச் சொன்னாலும் அதேதான். இன்னும் மூணு பிளாண்ட் குடுக்கிறதா இருக்காங்க.”

“எங்க ஊர்ல டிப்ளமோ படிச்சு மெசினைத் தோள்ல தூக்கிட்டுப் போற பொம்பள நா ஒருத்திதாண்ணே” என்றார் கோகிலா. “எங்க வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்ல. இத விட்டா மிளகா பழுத்தா பழம் எடுக்கப் போகணும். எனக்கு அது தெரியாமயும் இல்ல, பிடிக்காமயும் இல்ல. ஆனா இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை.”

7

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரபாகரன் எனக்குச் சரியாக வரவில்லை. வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசை வைத்தேன், எடுத்தேன். ‘பிரபாகரன் கொடூரமாகச்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி அதோடு நிற்கிறது.

இப்படியும் இருக்கலாம்: அவரே வால்வைத் திறந்தார். ஏதோ ஒரு லாரிக்காரர் கூப்பிட்டார். போனார், மறந்தார். தெரு முழுக்க இருமிக்கொண்டு ஓடியபோது அவர் பயந்துபோயிருப்பார். நோட்டில் ஒரு பெயர் எழுத வேண்டும். எழுதினார். பிறகு அந்தப் படத்தில் செல்லச்சாமி இல்லாததைப் பார்த்து, மற்றவர்களைவிட அவர்தான் அதிகம் ஆச்சரியப்பட்டிருப்பார். தெய்வமே தன் பக்கம் என்றுகூட நினைத்திருக்கலாம். இது எதையும் நான் கேட்டறியவில்லை. அவர் பக்கம் போய் நின்று ஒரு ஸ்கேனும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் இந்தக் கதையில் வெற்றிடமாகத்தான் இருக்கிறது.

கை சும்மா இருக்காதே. மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: கோகிலா விசாரணைக்குள் நுழைந்து லேப்டாப்பைத் திறக்கிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். யோகேஸ்வரன் சென்னையிலிருந்து போன் செய்து மன்னிப்புக் கேட்கிறார். (வெளியே மழையும் பெய்கிறது. ஜூன் மாதம், ராமநாதபுரத்தில்.)

முடிவு ஆ: ஒன்பதாம் நாள் கோகிலா கோப்பை அழிக்கிறார். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புகையில் அழுகிறார். மனசாட்சி என்ற சொல் நான்கு முறை வருகிறது.

முடிவு இ: பெயரில்லாத கவரில் ஒரு பென் டிரைவ் செல்லச்சாமி வீட்டுக்கு வருகிறது. யார் அனுப்பியது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றையும் கோகிலாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அழைத்தார்.

“மூணாவது நல்லா இருக்குண்ணே. அப்படியே செஞ்சிரலாம்னு பென் டிரைவுகூட வாங்கிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கவா? இந்த மூணுலயும் அவரு ஒரு வார்த்தை பேசல.”

எடுத்துப் பார்த்தேன். பேசவில்லைதான். முதல் முடிவில் கைகூப்புகிறார், இரண்டாவதில் தலைகுனிகிறார், மூன்றாவதில் கவரைப் பிரிக்கிறார்.

“நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன்” என்றார் கோகிலா. “என்னய அந்த டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க.”

8

சனிக்கிழமை, காலை பதினொரு மணி. கனி பாய் கடையின் பின்பக்க பெஞ்சு. நான் எதையும் சேர்க்கவில்லை, கூடுமானவரை எதையும் எடுக்கவும் இல்லை.

செல்லச்சாமி கோகிலாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “நல்லா இருக்கியா தாயி?” என்றார். கோகிலா லேப்டாப்பைத் திறந்தார்.

சாம்பல் நிறத்தில் இயந்திர அறை வந்தது. இயந்திரம், மோட்டார், தரையில் துணி. தூணருகே துண்டு போட்ட ஒரு மனிதன், ஒரு கை தூணில்.

“இருக்கேன்ல?” என்றார் செல்லச்சாமி. சத்தமாகச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இருக்கேன். நாந்தேன் சொன்னேன்ல சார்?”

“உங்கள அழிச்சது நாந்தான்யா” என்றார் கோகிலா. “யாராச்சும் நின்னா அழிக்கிறதுதான் எங்க வழக்கம். உங்களுக்கு இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க.”

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. விரலை நீட்டி, இதைத் திருப்ப முடியுமா என்று கேட்டார். கோகிலா திருப்பினார். பக்கவாட்டில் வந்ததும் அந்த மனிதன் ஓடு மாதிரி ஆகிவிட்டான். முன்பக்கம் மட்டும் இருந்தது, பின்னால் ஒன்றுமில்லை.

“முதுகக் காணோமே.”

“மெசினுக்கு எதுக்க இருந்ததுதான்யா விழும்.”

“மூஞ்சியும் வெளங்கல.”

“தூரமா வச்சிருந்தேன். மூக்குன்னு ஒண்ணு இருக்கிறது தெரியுற அளவுக்கு வந்திருக்கு. அவ்வளவுதான்.”

எதிரே லாரி ஒன்று ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போயிற்று. கோகிலா கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். என் முடிவு இ. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் அதைத் தொடவில்லை.

“இத நா கொண்டுபோய்க் குடுத்தா, எங்கிட்டு இருந்து எடுத்தன்னு கேப்பாக. சரி, கெடைச்சிச்சுன்னு சொல்லுவேன். துண்டு போட்டவன் எல்லாம் செல்லச்சாமியாம்பாக. மூஞ்சி இல்ல, முதுகு இல்ல. இது நாந்தேன்னு யாரு தாயி சொல்றது?”

கோகிலா என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

“நீ வா” என்றார் செல்லச்சாமி. “திங்கக்கெழம பத்து மணிக்கு. இந்த ஆளு நின்னாரு, நாந்தேன் நிக்கச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு. வேற எதுவும் வேணாம்.”

“வந்தா எனக்கு வேலை போயிரும்யா.”

போகாது என்று அவர் சொல்வார் என நினைத்தேன். அல்லது, ஒனக்குக் கெடுதல்னா வேண்டாம் தாயி என்பார் என்று. நானாக இருந்தால் அவருக்கு அப்படித்தான் வசனம் எழுதியிருப்பேன்.

“போகும்” என்றார். “ஒனக்கு இன்னொண்ணு கெடைக்கும். எனக்கு இந்தக் கரையில ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான். தெருவுல வாயத் தொறக்கவும் முடியாது.”

பிறகு கோபமே இல்லாமல், நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்:

“அசையாதீங்கன்னு நீ சொன்ன. மூக்கு மேல ஈ வந்து உக்காந்துச்சு தாயி. நா அசையல.”

9

கோகிலா பதில் சொன்னார். நான் அங்கேதான் இருந்தேன், கேட்டேன். அதை எழுதவும் செய்தேன். இரண்டு வரி. இப்போது அந்த இரண்டு வரிகள் இருந்த இடம் இது:

(                    )

விளையாட்டுக்காகச் செய்யவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது. பத்திரிகைக்கு இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். வருவதாகச் சொன்னவர் வராமல் போகலாம், வரமாட்டேன் என்றவர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கலாம். நான் ஒன்றை அச்சில் ஏற்றிவிட்டால், அதை மெய்யாக்கவோ பொய்யாக்கவோ ஒருத்தர் வாழ வேண்டியதாகிவிடும். அடுத்தவருடைய திங்கட்கிழமையை எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஒரு குமாஸ்தாவாக, என்னுடைய திங்கட்கிழமையே என் கையில் இல்லை.

ஆனால் பதில் இல்லாமல் கதையை மூட மகேஸ்வரி விடமாட்டாள். நீங்களும் விடமாட்டீர்கள். அதனால் அந்த அடைப்புக்குறியை நீங்களே நிரப்புங்கள். வேலையை விடச் சொல்லலாம், விட வேண்டாம் என்று சொல்லலாம், புத்திசாலித்தனமாக நாலாவது வழி ஒன்றுகூடக் கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. என்னைப் போல் வீட்டில் உட்கார்ந்து எழுதாதீர்கள். கனி பாய் கடையில் அந்த பெஞ்சில், செல்லச்சாமிக்கு எதிரே இருந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார்.